பக்கவாதத்துக்குப் பிறகு மூலிகை மருந்து: மூளையைக் காப்பாற்றுமா?

வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்துவிட்டால் போதும். "வல்லாரை கொடுங்க", "சீன மருந்துக் கடையில கேட்டுப் பாருங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் வருவது தனி.

உண்மையில் பலன் இருக்கிறதா?

ஒரு மருந்தை நம் வட்டாரத்திலேயே பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். பெயர் நியூரோஎய்ட். சீனப் பாரம்பரிய மருத்துவத்திலிருந்து வந்தது. 9 மூலிகைகளும் விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் 5 பொருள்களும் அதில் சேரும். ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் சோதித்தபோது, மூளை அணுக்கள் பிழைக்க அது உதவியது.

சரி, மனிதர்களிடம்?

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வழிநடத்திய 'சைம்ஸ்' ஆய்வில், ரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்த சுமார் 1,100 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்து. இன்னொரு பிரிவினருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு 2013இல் வெளியானது. 3 மாதத்தில் இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தொடர்ந்து கவனித்தபோது, 6ஆம் மாதத்தில் மருந்து எடுத்தவர்களின் நிலை சற்று மேலாக இருந்தது. ஆனால் ஆய்வின் முக்கியக் கேள்வி அதுவல்ல. அதை வைத்து 'குணமாகும்' என்று விளம்பரம் செய்தால் நம்பிவிட வேண்டாம்.

வல்லாரை?

மலாய்க்காரர்கள் 'பெகாகா' என்று உலாமில் சாப்பிடுவதும் இதே கீரைதான். மூளையைக் காப்பது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. துவையலாகச் சாப்பிடலாம், தவறில்லை. சிகிச்சை என்று நினைத்தால்தான் சிக்கல்.

எப்போது ஆபத்து?

பக்கவாத நோயாளிகள் பலர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவார்கள். சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் 'டான்ஷென்' வேர், வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தக்கசிவு ஏற்படலாம். ஜிங்கோவிலும் கவனம் தேவை. தலையில் அடிபட்டவருக்கு இது இன்னும் மோசம். மண்டைக்குள் கசிவு மெதுவாகத் தொடங்கி, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரலாம்.

முகம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கஷாயம் காய்ச்ச நேரமில்லை.

ஏற்கெனவே மூலிகை சாப்பிடுகிறீர்களா? திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போங்கள்.