இனாம் என்னும் சொல்

விலை கொடாது கிடைப்பதை ‘இனாம்’ என்பது மூதூரிலும் பிற தமிழூர்களிலும் வழக்கு. அச்சொல்லோடு சிறிது இளக்காரமும் ஒட்டியுள்ளது. ‘இனாமாக வந்ததுதானே’ என்றவுடன் பொருளின் மதிப்புக் குன்றிவிடுகிறது. ஆயினும் இச்சொல்லின் பழைய நிலை இத்துணை எளியதன்று.

இனாம் அரபுச் சொல். அருட்கொடை என்பது பொருள். பாரசீக மொழி வழியாக இந்திய அரசவைகளுட் புகுந்து, வரி நீக்கி அளிக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பதாயிற்று. கோயிற் பூசகரும் ஊர்க் காவலரும் அந்நிலத்தை வெறுமனே பெற்றாரல்லர். ஊழியஞ் செய்து அதன் விளைவை உண்டனர். தமிழகத்தில் 1948ஆம், 1963ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இம்முறையை ஒழித்தன. நிலவுரிமை போயிற்று; சொல் தங்கிற்று.

அரபுச் சொல் வருமுன்னரே தமிழில் ‘இறையிலி’ இருந்தது. இறை என்பது வரி. அக்காலக் கொடை எத்தகையது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மூதூரிலிருந்து குடாவைக் கடந்தால் திருகோணமலை. அதற்கு வடமேற்கே பெரியகுளத்தில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் நந்தா விளக்குக்குப் பசுக்கள் அளித்ததைக் கூறுகின்றன. சைவ மன்னர் ஆட்சியில் புத்த பெருமானுக்குத் தமிழர் ஏற்றிய விளக்கு! இத்தகைய கொடையில் பசுவைப் பெற்றவர் விளக்குக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். மூதூர் முஸ்லிம்கள் நன்கறிந்த ‘வக்பு’ச் சொத்தும் அவ்வாறே கட்டுப்பாடுடையது. இறைவனுக்கென ஒதுக்கியதை விற்றலும் வாரிசுகளுக்குப் பகிர்தலும் ஆகா.

இக்காலத்துச் சொல் ‘இலவசம்’. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்தபோது, 1945 ஒக்டோபர் முதல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூலும் இலவசமாயிற்று. இவற்றை அரசு தரும் இனாம் என்று பேசுவோர் உளர். அது பொருந்தாப் பேச்சு. கடையிற் சாமான் வாங்கும்பொழுதெல்லாம் மறைமுக வரி இறுக்கும் மீனவனும் உழவனும் தம் மக்களின் பாடநூலுக்கு முன்னரே விலை கொடுத்தவராவர்.

பொதுமக்கள் இதனை உணராதவரல்லர். டட்லி சேனநாயக்கா அரசு 1966இல், குறைந்த விலையில் வாராவாரம் வழங்கிய இரண்டு கொத்துப் பங்கீட்டரிசியை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கிற்று. 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், குறைத்த கொத்தைத் திரும்பத் தருவதாக வாக்களித்த எதிரணியே பெருவெற்றி பெற்றது.