சினத்திற்கு ஒரு கயிறு

மணப்பாறைச் சந்தைக் காளைக்கு மூக்கணாங்கயிறு உண்டு. சினமூண்ட சிறுவனுக்குக் கயிறு எது? பிரம்பே என்றவர்களை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன்.

குற்றமிழைத்த சிறுவரைச் சிறையினின்று பிரித்துத் திருத்தப் பள்ளியில் சேர்க்க, 1920-இல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஆயினும், பள்ளியில் சேர்ந்த சிறுவன் தன் சினத்தைத் தானே அடக்குவது எங்ஙனம்?

இதற்கு விடை தேடுவோர்க்கு உதவும் உண்மை ஒன்று யோகியர் ஆய்வில் புலப்பட்டது. இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட யோகியரை வெங்கர், பாக்சி, டில்லி ஆனந்த் ஆகியோர் சோதித்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர். மூச்சடக்கித் தசையை இறுக்கியபோது கைநாடி மறைந்தது. இதயமோ துடித்துக்கொண்டே இருந்ததை மின்பதிவு காட்டியது. நாம் உணராததைக் கருவி உணர்த்தும்!

அவ்வாறு உணர்த்திப் பயிற்றும் முறைக்கு 1969-இல் அமெரிக்காவில் ‘பயோஃபீட்பேக்’ என்ற பெயர் அமைந்தது. 1976-இல் லூபரும் ஷௌசும் அமைதியற்ற சிறுவன் ஒருவனை மூளை அலைகளைக் கொண்டு பயிற்றினர். பின்னர் முரட்டுச் சிறுவர்க்கும் இம்முறை முயலப்பட்டது. நாடித்துடிப்பு ஏறுவதைச் சிறுவன் திரையில் காண்கிறான், மூச்சை நெடிதாக விடுகிறான், துடிப்பு இறங்குகிறது.

இது முரட்டுத்தனத்தை எவ்வளவு தணிக்கும் என்பதில் ஆய்வாளர் ஒருமித்திலர். எனினும், கருவி அகன்ற பின்னும் அவன் தன் மூச்சைத் தானே ஆள்வானாயின், கயிறு அவன் கையிலேயே இருக்கிறது.