வலி போய் அரிப்பு வந்த கதை

1976இல் அமெரிக்காவில் யாக்‌ஷ், ரூடி இருவரும் எலிகளின் தண்டுவடத் திரவத்தில் மார்பினைச் செலுத்தினர், வலி அடங்கியது. 1979இல் வாங் குழுவினர் எட்டுப் புற்றுநோயாளிகளுக்கு 0.5 அல்லது 1 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டனர். பின்னர் அறுவைச் சிகிச்சைக்கும் இம்முறை பரவியது. ஆனால் சிசேரியன் முடிந்த தாய்மார் பலர், வலி தீர்ந்தும் குழந்தையை ஏந்த முடியாமல் மூக்கையும் முகத்தையும் சொறிந்து தவித்தனர்! ஒவ்வாமை மருந்து கொடுத்தால் தூக்கம்தான் வரும். அரிப்பு அவ்வளவாகத் தணியாது. ஏன்? நரம்பணுக்களில் வலியை அடக்கும் அதே ‘மியூ’ ஏற்பிகள் வழியாகவே மார்பின் அரிப்பையும் எழுப்புகிறது. அவற்றை நலாக்சோன் மறிக்கும். அளவு மிஞ்சினால் வலி திரும்பிவிடும். நால்புஃபின் மியூவை மறித்தாலும், ‘காப்பா’ ஏற்பிகளைத் தூண்டி வலியை அடக்கவல்லது. சிறிதளவே அரிப்பைத் தணிக்கிறது. இன்று சிசேரியனுக்குப் பெரும்பாலும் 0.1 மில்லிகிராம் மார்பினே போதுமெனக் கொள்கிறார்கள். அளவு குறையக் குறைய அரிப்பும் குறைகிறது.