ஹாஷிகார்ப் போட்ட தடையும் ஆப்பிள் போட்ட தடையும்

டெராஃபார்ம் மென்பொருளை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 10 அன்று உரிமத்தை மாற்றியது. எங்கள் விற்பனையோடு போட்டியிடும் சேவைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது புதிய நிபந்தனையின் சாரம். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதியில் போட்டி என்ற பேச்சே இல்லை. வெளியே வேறு விதமாகப் பணம் கட்டலாம் என்று செயலிக்குள் இணைப்போ பொத்தானோ வைக்கக் கூடாது என்றது அது, அவ்வளவுதான். படித்தால் முதலாவதுதான் முரட்டுத்தனமாகத் தெரியும். விளைவைப் பார்த்தால் இரண்டாவதுதான் கொடியது.

டெராஃபார்ம், கிளவுட் சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் கருவி. 2014 முதல் திறந்த மூல உரிமத்தில் கிடைத்தது. அதை நம்பி ஸ்பேஸ்லிஃப்ட், என்வ்ஜீரோ போன்ற நிறுவனங்கள் தொழில் தொடங்கின. எங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு எதையும் திருப்பித் தராதவர்கள் இருக்கிறார்கள் என்றது ஹாஷிகார்ப். அந்தக் குறையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உழைப்பில் சம்பளம் வாங்காத வெளியாட்களின் பங்கும் உண்டு.

பழைய உரிமத்தில் வெளிவந்த நிரலைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் இதில் முக்கியம். போட்டியாளர்கள் அதை எடுத்துத் தனிக்கிளை தொடங்கினார்கள். செப்டம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றது; 2024 ஜனவரியில் அந்தக் கிளை ஓப்பன்டோஃபு 1.6 ஆக வெளிவந்தது.

உரிமத்தைவிட எனக்கு உறுத்துவது, அதே சமயத்தில் சத்தமில்லாமல் வந்த இன்னொரு மாற்றம். டெராஃபார்முக்கான துணை நிரல்கள் ஹாஷிகார்ப்பின் பதிவகத்தில் இருந்தன. அங்கிருந்து பதிவிறக்குவதை டெராஃபார்மோடு மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. அந்த நிரல்களில் பல பிறர் எழுதியவை, திறந்த மூல உரிமம் கொண்டவை. நிரலை அடைக்க முடியாதபோது அதை வைத்திருக்கும் கடையை அடைப்பது ஆப்பிளின் வழி. ஆனால் மூல நிரல்கள் கிட்ஹப்பில் பொதுவில் கிடந்தன. ஓப்பன்டோஃபு தனக்கென ஒரு பதிவகம் அமைத்துக்கொண்டது.

ஐபோனில் அப்படி நடக்க வாய்ப்பிருக்கவில்லை. ஸ்பாட்டிஃபை தன் சந்தாவைச் செயலிக்குள் விற்றால் ஆப்பிளுக்கு 30 சதவீதம் வரை தர வேண்டும். தன் இணையதளத்தில் விலை குறைவு என்று செயலிக்குள் சொல்வது விதிமீறலாக இருந்தது. எதிர்க்கடையான ஆப்பிள் மியூசிக்குக்கு இந்தச் சுமை கிடையாது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது.

அமெரிக்காவில் எபிக் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 13 அன்று ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடிக் கட்டண வசதியைச் சேர்த்தது. அன்றே விளையாட்டு நீக்கப்பட்டது, அன்றே எபிக் வழக்குப் போட்டது. ஆப்பிள் ஏகபோகம் என்று எபிக்கால் நிரூபிக்க முடியவில்லை. எனினும் வெளி வழியைக் காட்டவிடாத விதி கலிபோர்னியாவின் நேர்மையற்ற போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்று 2021இல் நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் முடிந்ததும், 2024 ஜனவரியில், இணைப்பு வைக்க அனுமதித்த ஆப்பிள், அதன் வழியே நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. கார்டு கட்டணத்தையும் சேர்த்தால் வெளியே விற்பவருக்கு என்ன மிஞ்சும்? 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி இதை நீதிமன்ற அவமதிப்பு என்றார்.

போட்டியிடாதே என்று வெளிப்படையாகச் சொன்ன தடையிலிருந்து வெளியேற நீதிமன்றம் தேவைப்படவில்லை. ஐந்து மாதம் போதுமானதாக இருந்தது. போட்டியைப் பற்றி வாயே திறக்காத தடையோடு மோதிய ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பியது 2025 மே மாதம்தான்.