மானியமும் மலாக்காத் தமிழரும்

மானியம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்றும், சமணர் பள்ளிக்கு விடப்பட்டதைப் பள்ளிச்சந்தம் என்றும் நம் கல்வெட்டுகள் கூறும். கொடுத்தவர் யார், நிலத்தின் நான்கெல்லை யாவை, காப்பவர் யார் என்பனவற்றைக் கல்லிலே வெட்டி வைத்தனர் முன்னோர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அச்சபையின் முடிபு. கொடை, உடைமை, கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அறம் நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு மலாக்காத் தமிழர் வரலாற்றை நோக்குவோம்.

டச்சுக்காரர் தந்த நிலம்

மலாக்கா நகரில் பொற்கொல்லர் தெருவிலே பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் நிற்கிறது. 1781ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், செட்டிச் சமுதாயத் தலைவராகிய தெய்வநாயகம் செட்டியார் அவ்வரசிடமிருந்து பெற்ற நிலத்தில் எழுந்தது அது. அத்தெருவிலேயே, 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் உண்டு.

அரசு தந்தது நிலம். கோயிலை எழுப்பியதும் பேணியதும் சமுதாயம். செட்டிகள் காலப்போக்கில் தமிழ்ப் பேச்சை இழந்து மலாய் பேசலாயினர். ஆயினும் வழிபாட்டை இழந்திலர். நிலம் ஒரு பெயரில் உறுதிப்பட்டு, அதற்குப் பொறுப்பாளரும் வாய்த்தமையால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கோயில் நின்று வருகிறது.

தோட்டத்துக்கு வந்த மானியம்

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக முறையில் ரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான் என்பர். பின்னர் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் எழுந்தது. இத்தொழில் பரவப் பரவத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். லயங்களிலே குழந்தைகள் பெருகினர்.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் பள்ளி அமைக்குமாறு தோட்டத்தைப் பணிக்க வழிசெய்தது. மலாக்கா அப்போது பினாங்கு, சிங்கப்பூருடன் நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்திருந்தது. எனினும் தோட்டப் பள்ளியின் தோற்றம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆயாக்கொட்டகை அருகே ஒரு கொட்டகை. எழுத்தறிந்த தொழிலாளியோ, கங்காணியோ, கிராணியோ ஆசிரியர்.

அரசு இப்பள்ளிகளுக்கு உதவிப்பணம் வழங்கியதுண்டு. பிள்ளைகளின் வருகையும் தேர்ச்சியும் அதற்கு அளவாயின. அதனைக் கேட்டவர் யார்? பெற்றவர் யார்? தோட்ட நிர்வாகமே. பிள்ளையைப் பெற்றவனுக்கு விண்ணப்பத்திலும் இடமில்லை, கணக்கிலும் இடமில்லை. தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளையும், புல்வெட்டப் போன பிள்ளையும் வருகைப் பதிவேட்டில் குறையக் குறைய உதவியும் குறையும். வறுமையே வறுமைக்குத் தண்டமாயிற்று. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து மறுவாண்டு அறிக்கை தந்தார். அவர்தம் பிள்ளைகளின் கல்வியும் அவ்வாய்வில் இடம்பெற்றது.

ஒரு வெள்ளியின் வலிமை

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் நாடு கண்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதற்கு முன், அங்கே முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. கோ. சாரங்கபாணியார் தமிழ் முரசின் வழியே தமிழுக்காக வாதாடினார். 1956இல் துறை அமைந்தது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி, ஆளுக்கொரு வெள்ளி என்று மக்களிடம் திரட்டப்பட்டது. நாட்கூலி வாங்கும் பால்மரத் தொழிலாளியும் தான் நுழைந்திராத பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்காகத் தன் வெள்ளியை ஈந்தான்.

1960இல் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட வேளை அது. பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் பங்கெடுத்தனர். உடைமை இல்லாதவன் உரிமையோடு பேச இயலாது என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

நிலமே சிக்கல்

1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவ்வாண்டின் கல்விச் சட்டத்தை அடுத்து அவை தேசிய மாதிரிப் பள்ளிகளாயின. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. ஆயினும் பாதிக்கு மேற்பட்டவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிலைத்தன. காரணம் நிலம். பள்ளி நிற்பது தோட்டத்தாருக்கு உரிய நிலமாயின், தனியார் மண்ணில் பொதுப்பணத்தால் கட்டடம் எழுப்புவது எளிதன்று. தோட்டத்தில் செம்பனை வந்து, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின், பிள்ளைகளின்றிப் பல பள்ளிகள் மூடப்பட்டன. சில, உரிமத்தைக் காத்துக்கொண்டு வேறிடம் பெயர்ந்தன.

மலாக்கா மாநிலத்தில் இன்று 21 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. புக்கிட் லிந்தாங், டைமண்ட் ஜூபிலி, காடேக் போன்ற பெயர்கள் தோட்டக் காலத்தை இன்னும் நினைவூட்டுகின்றன.

கொடையும் கணக்கும்

அண்மைக் காலத்தில் கொடைக்குக் குறைவில்லை எனலாம். 2012ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளுக்கென 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. 2018இல் மித்ரா என்னும் பெயரில் மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவு அமைந்தது. அதற்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. சங்கங்கள் திட்டம் எழுதி மானியம் கேட்கும் வழி திறந்தது. ஆனால், பணம் சென்ற வழி குறித்து வினாக்கள் எழுந்தன. 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. உத்தரமேரூரார் கல்லில் வெட்டிய விதியின் பொருள் அப்போது பலருக்கு விளங்கியிருக்கும்.

அன்று தோட்டத் தொழிலாளியின் பெயரால் மற்றவர் மானியம் கேட்டனர். இன்று பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தாமே கேட்கலாம். இது சிறிய மாற்றமன்று. எனினும் கேட்பதற்குமுன் கையில் இருக்கவேண்டியவை சில: நிலத்தின் உரிமைச் சான்று, கூட்டக் குறிப்பு, வேலைக்கு ஆகும் செலவின் மதிப்பீடு, தணிக்கை செய்த கணக்கு. இவற்றை ஆண்டுதோறும் ஒழுங்குபெற வைத்திருக்கும் சிற்றூர்ப் பள்ளி, அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்கும். வைத்திராத பள்ளி, யாரேனும் ஒரு பெரியவரைத் தேடிப் போகும். அவர் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

மானியம் பிச்சையன்று; வரி கட்டும் குடிமக்களுக்குரிய பங்கு. அப்பங்கைக் கேட்கும் குரல் தெளிவாக இருக்க வேண்டுமானால், கேட்பவரின் கணக்குப் புத்தகம் தெளிவாக இருத்தல் வேண்டும்.