பரிசிலும் ஊதியமும்

அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். புலமையின் அளவறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்பது அவர் கொள்கை. புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டும் இச்செய்தி, எழுதிப் பிழைப்போர் வரலாற்றுக்கு முகவுரையாகத் தக்கது. அவர்கள் வேண்டியது கொடை அன்று. மதிப்பறிந்து தரப்படும் ஊதியம்.

அச்சு வந்தபின் புரவலர் இடத்தை வாசகர் ஏற்றனர் என்பர். அம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதிக்குச் சோறிட்டது இதழ்ப்பணியே, கவிதையன்று. 1920இல் தம் படைப்புகளை நாற்பது தொகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டபோது, அவர் நண்பர்களிடம் நன்கொடை கேட்கவில்லை. வட்டிக்குக் கடனே கேட்டார். திட்டம் நிறைவேறுமுன் 1921இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமையை அரசு 1949இல் ஏற்றது. அப்பாடல்களின் மதிப்பை நாடு உணர்ந்தபோது, பாடியவர் மறைந்து 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

புதுமைப்பித்தன் நிலையும் இத்தகையதே. அவருடைய சிறந்த கதைகளை ஏந்திய மணிக்கொடி, எழுதுவோர் குடும்பத்தைத் தாங்கும் பொருள்வளம் பெற்ற இதழன்று. ஆகவே நாளிதழ்ப் பணியையும் மொழிபெயர்ப்பையும் அவர் மேற்கொண்டார்; பின்னர்த் திரைத்துறையை நாடினார். ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் புனே சென்றவர் காசநோயுற்றுத் திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

அடுத்து வந்தோர் வெவ்வேறு வழிகளைக் கண்டனர். வல்லிக்கண்ணன் அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். மணம் புரியாமல், தேவைகளைச் சுருக்கி வாழ்ந்தார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்குக் களம் அமைத்த சி. சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றார். பிழைதிருத்துநராகப் பணியாற்றிய ஜெயகாந்தனோ, ஆனந்த விகடன் முதலிய இதழ்கள் வழியே பெருந்திரளான வாசகரை அடைந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். முன்னவர்க்கும் இவர்க்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஆற்றலைக்கொண்டு மட்டும் விளக்க இயலாது. கதைக்குப் பொருள் தரும் இதழ், கணக்குக் காட்டும் பதிப்பாளர், விலைகொடுத்து வாங்கும் வாசகர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் எழுத்து தொழிலாக நிலைபெறும். ஒன்று குறையினும் எழுதுவோர் வேறு வேலை தேடவேண்டும். அன்றேல் வறுமையை ஏற்கவேண்டும்.

கவிஞர் நிலை இன்னும் கடிது. தம் தொகுப்பைத் தம் பொருளாலேயே அச்சிட்டு, நண்பர்க்கு இலவசமாக வழங்கும் வழக்கம் இன்றும் மாறவில்லை. பெற்றவர் பலர் நூலைப் பிரிப்பதற்கு முன்பே பாராட்டிவிடுகின்றனர். காணாது கொடுத்த அதியமான் பரிசிலுக்கும் படிக்காது வழங்கும் இப்பாராட்டுக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

இலக்கிய வட்டம் தன் கவிஞர்க்குச் செய்யத்தக்க உதவி பொன்னாடையன்று. ஒரு படியை விலைகொடுத்து வாங்கி, முழுதும் படித்து, குறையும் நிறையும் அளந்து சொல்லுதலே அது. தினையளவாயினும் அளவறிந்து தருக எனப் பெருஞ்சித்திரனார் வேண்டியது அதனையே.