பீரங்கிக் குண்டு பிறந்த கதை

பீரங்கி பிறந்தபோது அதன் வாயில் குண்டு மட்டும் இல்லை, அம்பும் இருந்தது. இங்கிலாந்தில் 1326-இல் வால்டர் டி மிலிமீட் எழுதிய நூலில் ஓர் ஓவியம் உண்டு. ஐரோப்பாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பீரங்கிப் படம் அதுதான். படுக்கவைத்த பூச்சாடி வடிவில் ஒரு பீரங்கி. பின்புறத் துளையில் கவச வீரன் நெருப்பு வைக்கிறான். வாயிலிருந்து தடித்த அம்பு புறப்படுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபிளாரன்ஸ் நகர ஆட்சியினர் உலோகப் பீரங்கிகளும் இரும்பு உருண்டைகளும் செய்விக்க ஆணையிட்டார்கள். ஆக, அம்பும் உருண்டையும் ஒரே காலத்தில் களத்துக்கு வந்தவை.

போட்டியில் உருண்டை வென்றதற்குக் காரணம் அதன் வடிவம். வெடிமருந்து எரிந்து எழும் வாயுதான் எறிபொருளைத் தள்ள வேண்டும். மெல்லிய அம்பைச் சுற்றி வாயு வீணாக வெளியேறிவிடும். அதைத் தடுக்க அம்பின் தண்டில் தோல் சுற்றிக் குழலை அடைத்தார்கள். உருண்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. எப்படிப் புரண்டாலும் அதன் விட்டம் ஒன்றுதான்.

பீரங்கிகள் பெருத்தபோது வேலை கல்தச்சர் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய இரும்பை உருண்டையாக அடித்தெடுப்பது கொல்லருக்குப் பெரும்பாடு. கல்லைச் செதுக்குவது எளிது. 1453-இல் கான்ஸ்டான்டினோபிள் முற்றுகைக்காக ஹங்கேரிய வார்ப்புக் கலைஞர் ஓர்பான் செய்துகொடுத்த வெண்கலப் பீரங்கி சுமார் அரை டன் எடையுள்ள கல்லுருண்டையை எறிந்தது. நிரப்பவும் ஆறவும் நேரம் பிடித்ததால் நாளொன்றுக்கு ஏழு முறை அளவில்தான் அது முழங்கியது. கல்லுக்கு ஆயுள் கெட்டி. டார்டனெல்ஸ் நீரிணையைக் காத்து நின்ற துருக்கியப் பெரும் பீரங்கிகள் 1807-இல்கூட பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைக் கல்லுருண்டைகளால் தாக்கின.

ஆனால் கல்லுக்கு ஒரு குறை: கெட்டியான மதிலில் மோதினால் அதுவே சிதறிவிடும். நீர்ச்சக்கரத்தால் இயங்கிய பெருந்துருத்திகள் ஐரோப்பிய ஊதுலைகளின் வெப்பத்தைக் கூட்டியபோது இரும்பு உருகி ஓடியது. இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்து அதை ஊற்றினால் உருண்டை தயார். ஒரே அச்சில் ஒரே அளவில் எத்தனையும் வார்க்கலாம். இரும்பு கல்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். அதனால் சிறிய குண்டே பெரிய கல்லின் வேலையைச் செய்தது. குண்டு சிறுத்ததும் குழல் சிறுத்தது; குழல் சிறுத்ததும் பீரங்கி சக்கரமேறிக் குதிரைகளின் பின்னே ஓடியது. பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் 1494-இல் இத்தகைய பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கினார். மான்டே சான் ஜியோவான்னி கோட்டை சில மணி நேரத்தில் உடைந்தது.

கட்டடக் கலையே அதற்குப் பதில் தேட வேண்டியிருந்தது. நெடிதுயர்ந்த மதில்கள் போய், தாழ்ந்து தடித்த, மண் நிரப்பிய, நட்சத்திர முனைகள் கொண்ட கோட்டைகள் எழுந்தன. டச்சுக்காரர் கட்டிய யாழ்ப்பாணத்தின் ஐங்கோணக் கோட்டை அந்த வழியில் வந்தது. அதன் ஒவ்வொரு கோணத்தையும் தீர்மானித்தது இரும்பு உருண்டை மீதான அச்சமே. பீரங்கிகளின் பெயரும் குண்டின் எடையால் அமைந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் கீழ்த்தளத்தில் இருந்தவை 32 பவுண்டுப் பீரங்கிகள். குழலின் எடையல்ல, குண்டின் எடை அது.

19-ஆம் நூற்றாண்டில் வெடிக்கும் குண்டும், சுழல்வரி வெட்டிய குழலும் பரவின. சுழன்று பாயும் கூர்முனைக் குண்டு அதிக தூரம், அதிகத் துல்லியத்தோடு சென்றது. திட உருண்டையின் காலம் முடிந்தது.

அதன் பிறவிக்குறிகள் மொழிகளில் தங்கிவிட்டன. சீனர் பீரங்கிக்கு வைத்த 'பாவ்' என்னும் சொல், அதற்கு முன்பு கல்லெறி பொறியின் பெயர். அதை எழுதும் ஒரு வடிவத்தில் கல்லைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. ஜெர்மானியர் 'கானோனென்கூகல்', அதாவது பீரங்கி உருண்டை என்றனர். ரஷ்யர் 'யாத்ரோ' என்றனர். விதையின் பருப்புக்கும் அணுவின் கருவுக்கும் அவர்களிடம் அதுவே பெயர். தமிழர் உருண்டு திரண்ட எதையும் சொல்லும் 'குண்டு' என்ற சொல்லையே தந்தனர்.

ரஷ்யரின் யாத்ரோவும், பீரங்கிக் குண்டுக்குத் துருக்கியர் சொல்லும் 'குல்லே'யும், நம் குண்டும் இன்று விளையாட்டுத் திடலிலும் இருக்கின்றன: மூன்று மொழிகளிலும் குண்டு எறிதலுக்கு அதே சொல்தான். ஆண்கள் எறியும் குண்டின் எடை 7.26 கிலோ, அதாவது பழைய கணக்கில் 16 பவுண்டு. மதில்களை இடித்து மனிதரைக் கொன்ற பொருளின் பெயரை, யாரையும் காயப்படுத்தாமல் தோள்வலியை அளக்கும் ஆட்டத்துக்கு மக்கள் கொடுத்தார்கள். அந்தப் பொருளுக்குக் கிடைத்த மிக நல்ல மறுவாழ்வு அதுவே.